மாரத்தானில் விழித்திருந்தவர்களின் குரலைப் பதிவு செய்யுங்கள்: பாஸ்டன் அறிவியல் புனைகதைத் திரைப்பட விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பாஸ்டன் அறிவியல் புனைகதைத் திரைப்பட விழாவையும் அதையொட்டி 24 மணி நேரமும் தொடர்ந்து படங்கள் காட்டும் மாரத்தானையும் நடத்திவரும் குழுவினருக்கு,

வணக்கம்.

1976ஆம் ஆண்டு பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜ் நகரின் ஆர்சன் வெல்ஸ் சினிமாவில் முதல் மாரத்தான் நடந்தபோது இருபது வயதில் இருந்தவர்களுக்கு இப்போது எழுபது வயதாகிறது. அவர்களில் சிலர் இன்னும் தலையணையும் போர்வையுமாக வந்து அமர்கிறார்கள், சிலர் முழங்கால் வலியால் வருவதை நிறுத்திக்கொண்டார்கள், சிலர் மறைந்தே போனார்கள். எந்த ஆண்டில் என்னென்ன படங்கள் காட்டப்பட்டன என்னும் பட்டியலைப் பழைய செய்தித்தாள்களையும் துண்டறிக்கைகளையும் புரட்டிப் பொறுமையுள்ள எவரும் எப்போது வேண்டுமானாலும் தொகுத்துவிடலாம். அந்தப் படங்கள் ஓடியபோது இருட்டில் அமர்ந்திருந்தவர்கள் என்ன செய்தார்கள், எதற்குச் சிரித்தார்கள், எந்த மணியில் எந்தப் படம் அவர்களை உலுக்கியது என்பதை அப்படித் தொகுக்க இயலாது. அது அவரவர் நினைவில் மட்டுமே இருக்கிறது. ஆகவே, மாரத்தானுக்கு வந்தவர்களின் நினைவுகளை அவர்களுடைய குரலிலேயே பதிவு செய்து பாதுகாக்கும் பணியை உங்கள் குழு முறையாக ஏற்று நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

இதன் ஆங்கிலப் படி ஒன்று உங்களுக்குத் தனியே வந்து சேரும். தமிழிலும் வெளியிடுவதற்குக் காரணம் இருக்கிறது. பாஸ்டனைச் சுற்றியுள்ள ஊர்களில் வாழும் தமிழர்களில் சிலர் பிப்ரவரிக் குளிரில் இந்த மாரத்தானுக்கு வந்து போகிறவர்கள். தங்கள் நினைவுக்கும் இத்தகைய ஆவணத்தில் இடமுண்டு என்று அவர்களுக்குத் தோன்றாமல் போகக்கூடும். அவர்களையும் அழைத்துவர வேண்டும்.

இந்த மாரத்தான் ஏன் அந்தக் காலத்தில் தோன்றியது என்பதைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வது, எதைப் பதிவு செய்ய வேண்டும் என்று முடிவு செய்ய உதவும். 1976இல் வீட்டில் வைத்துப் படம் பார்க்கும் வசதி அநேகமாக எவரிடமும் இல்லை. வி.எச்.எஸ். வீடியோ நாடா அமெரிக்கச் சந்தைக்கு 1977இல்தான் வந்தது. 1950களின் அறிவியல் புனைகதைப் படம் ஒன்றைப் பார்க்க விரும்பியவர், தொலைக்காட்சியில் நள்ளிரவில் விளம்பரங்களுக்கு நடுவே வெட்டுப்பட்டு வரும்போது கண் விழித்துப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய படங்களைத் திரையிடும் அரங்கு ஒன்று கருணை காட்டும் வரை காத்திருக்க வேண்டும். ஸ்டார் வார்ஸ் வெளிவருவதற்கும் இன்னும் ஓர் ஆண்டு இருந்தது. பெரிய ஸ்டுடியோக்கள் இவ்வகைப் படங்களைச் சில்லறைச் சரக்காகவே நடத்திய காலம் அது. அத்தகைய நிலையில், ஒரே டிக்கெட்டில் ஒரு டஜன் படங்களைப் பெரிய திரையில் காட்டுகிறோம் என்று ஓர் அரங்கு அறிவித்தால், ஊரில் அங்கங்கே தனித்தனியாக இருந்த ரசிகர்கள் தங்களைப் போல் இத்தனை பேர் இருக்கிறார்களா என்று முதன்முறையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அதே ஆண்டில் ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில், கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழக மாணவர்களின் திரைப்படக் கழகமும் தனக்கென ஓர் அறிவியல் புனைகதை மாரத்தானைத் தொடங்கியது தற்செயலாக இருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

நாட்காட்டியும் கைகொடுத்தது. வாஷிங்டன் பிறந்தநாள் விடுமுறை 1971 முதல் பிப்ரவரியின் மூன்றாம் திங்கட்கிழமைக்கு மாற்றப்பட்டதால், ஞாயிறு நண்பகலில் தொடங்கித் திங்கள் நண்பகலில் முடியும் ஒரு திரையிடலுக்கு, வேலைக்கோ வகுப்புக்கோ மட்டம் போடாமலேயே வர முடிந்தது. அத்துடன் பாஸ்டனின் பிப்ரவரியில் வெளியே போய்ச் செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை.

ஹார்வர்டு சதுக்கத்துக்கும் சென்ட்ரல் சதுக்கத்துக்கும் இடையே மாசசூசெட்ஸ் அவென்யூவில் இருந்த அந்த ஆர்சன் வெல்ஸ் சினிமாவைப் பார்க்காத தலைமுறையைச் சேர்ந்தவன் நான். 1969இல் அந்தப் பெயரோடு தொடங்கிய அரங்கு அது. உணவகமும் திரைப்படப் பள்ளியும் அதனோடு சேர்ந்து இயங்கின என்பதும், 1986 மே மாதம் பாப்கார்ன் இயந்திரத்தில் பற்றிய தீயில் அரங்கு அழிந்தது என்பதும் பிறர் சொல்லியும் படித்தும் அறிந்தவை. மாரத்தான் அதன் பிறகும் நிற்கவில்லை. புரூக்லைனின் கூலிட்ஜ் கார்னர் உள்ளிட்ட அரங்குகளில் தங்கி, பின்னர் டேவிஸ் சதுக்கத்தில் 1914 முதல் நிற்கும் சாமர்வில் தியேட்டரில் வேரூன்றியது. தீயில் போன அரங்கின் இருக்கைகள் எப்படி இருந்தன, இடைவேளையில் எங்கே நின்று பேசினார்கள், பின்வரிசையில் யார் வழக்கமாக அமர்வார்கள் என்பதையெல்லாம் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பத்து ஆண்டுகளைப் பொறுத்தவரை இனி அவர்களே அந்த அரங்கு.

பட்டியலில் அகப்படாதது என்று நான் சொல்வது எதை என்பதை என் அனுபவத்திலிருந்தே விளக்க முயல்கிறேன்.

நண்பகலில் மாரத்தான் தொடங்கும்போது கூட்டமே விநாடிகளை இறங்குவரிசையில் எண்ணுகிறது. சக் ஜோன்ஸ் 1953இல் எடுத்த டக் டாட்ஜர்ஸ் என்னும் விண்வெளி வாத்துக் கார்ட்டூன் திரையில் வந்ததும், அடுத்து வரப்போகும் வசனம் அனைத்தும் தெரிந்தவர்கள் வாத்துக்கு முன்னாலேயே அவற்றைச் சொல்லிவிடுகிறார்கள். முதன்முறையாக வருகிறவருக்கு இது எரிச்சலாகவே இருக்கும், எனக்கும் இருந்தது. படத்தைப் பார்க்க விடாமல் கத்துகிறார்களே என்று நினைத்துக்கொண்டே இரண்டாம் படத்தைப் பார்த்து முடித்தேன். மாலைக்குள் ஓர் ஒழுங்கு புலப்படத் தொடங்கியது. எல்லாப் படத்துக்கும் அவர்கள் கத்துவதில்லை. திரையில் ஒருவர் அபத்தமான விஞ்ஞானத்தை மிகுந்த கம்பீரத்தோடு விளக்கும்போது மட்டும் குரல் எழுகிறது. ரஷ்ய இயக்குநர் தர்க்கோவ்ஸ்கி போன்ற ஒருவரின் படம் வந்தால் இருமல் சத்தம்கூடக் கேட்பதில்லை. எங்கே பேசலாம், எங்கே பேசக்கூடாது என்பதை எவரும் எழுதி ஒட்டவில்லை. பழையவர்கள் பக்கத்தில் அமர்ந்திருந்து புதியவர்கள் கற்றுக்கொள்கிறார்கள்.

அலுமினியத் தாளில் தொப்பி செய்து அணிந்து வருவோருக்கான போட்டியும், வேற்றுக்கிரகவாசி தன் துணையை எப்படி அழைக்கும் என்று குரல் எழுப்பிக் காட்டும் போட்டியும் படங்களுக்கு இடையே நடக்கின்றன. மற்ற நாட்களில் மிகுந்த மரியாதைக்குரிய வேலைகளைப் பார்க்கிறவர்கள் மேடையேறி அடித்தொண்டையிலிருந்து எழுப்பும் அந்த ஒலிகளை இங்கே எழுத்தில் கொண்டுவர இயலவில்லை. குரல் பதிவு வேண்டும் என்று நான் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நள்ளிரவு தாண்டியதும் அரங்கின் மணமே மாறிவிடும். ஈரக் கம்பளிக் கோட்டு, காலையிலிருந்து கழற்றி வைத்த பூட்ஸ், ஆறிப்போன காபி, யாரோ பொட்டலம் பிரித்த பூண்டு ரொட்டி என எல்லாம் கலந்த வாடை அது. இரண்டு மணிக்கு மேல் குறட்டை தொடங்கும். அந்தக் குறட்டையிலும் ஒரு மரபு உண்டு: படத்தில் அமைதியான காட்சியாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் மெல்லத் தட்டுவார், சண்டைக் காட்சியாக இருந்தால் விட்டுவிடுவார். டான் சீகல் 1956இல் எடுத்த இன்வேஷன் ஆஃப் த பாடி ஸ்நாட்சர்ஸ் படத்தை நான் இங்கே பார்த்தது அதிகாலை நான்கு மணி வாக்கில். தூங்கினால் தொலைந்தோம், தூங்கி எழுபவர் நம்மைப் போலவே இருக்கும் வேறொரு ஜந்து என்பதுதான் அந்தப் படத்தின் கதையே. நாயகனும் நாயகியும் கண்ணை மூடாமல் இருக்க மாத்திரை விழுங்கிக்கொண்டு தவிக்கும்போது, அரங்கில் ஏறக்குறைய பாதிப் பேர் தலை சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தார்கள். விழித்திருந்த நாங்கள் எங்கள் வரிசையில் உறங்கியவர்களை ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தோம். பயமுறுத்தும் படங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். திரையை விட்டுவிட்டுப் பக்கத்து இருக்கையைப் பார்த்துப் பயந்தது அன்றுதான். அதே படத்தைப் பின்னர் வீட்டில் மாலை நேரத்தில் போட்டுப் பார்த்தேன். நல்ல படம். அவ்வளவே.

சிவராத்திரிக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் விடிய விடிய இரண்டு மூன்று படங்கள் ஓட்டும் தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் கண் விழித்தவர்களுக்கு இந்த நிலை புதிதாக இராது. அங்கேயும் மூன்றாவது படத்தின் கதையைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

காலை ஆறரைக்குக் கழிவறையில் பல் துலக்கும் வரிசை தொடங்கும். அந்நேரத்தில் காட்டப்படும் படம் எதுவாக இருந்தாலும் அது தகுதிக்கு மேல் நேசிக்கப்படும். டக்ளஸ் ட்ரம்புல் 1972இல் இயக்கிய சைலன்ட் ரன்னிங் படத்தில், விண்கலத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற மிஞ்சும் அந்தச் சின்ன இயந்திரத்தைப் பார்த்து விடியலில் ஒரு வரிசை முழுதும் மூக்கைச் சிந்தியதைக் கண்டிருக்கிறேன். ட்ரம்புல் பிற்காலத்தில் இதே மாசசூசெட்ஸின் மேற்குப் பகுதியில் வாழ்ந்தவர், 2022இல் காலமானார். உறக்கமின்மையும் நெகிழ்ச்சியும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று விமர்சகர்கள் எழுதுவதில்லை. மாரத்தான் ரசிகர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இனி, பார்வையாளர்களோடு சேர்த்து நீங்கள் கட்டாயம் பேசவைக்க வேண்டிய இன்னொரு கூட்டம் இருக்கிறது. அது மேலே ஆபரேட்டர் அறையில் இருந்தவர்கள். 35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடுகிறது. இருபத்து நான்கு மணி நேரமும் இடைவிடாமல் ஓட்டினால் 1,29,600 அடி, அதாவது ஏறத்தாழ 39.5 கிலோமீட்டர். 1897இல் தொடங்கி இப்போது 42 கிலோமீட்டர் ஓடும் பாஸ்டன் மாரத்தான் ஓட்டப் பந்தயம் நடக்கும் வட்டாரத்தில், நகர்ந்தது நாமல்ல, ஃபிலிம்தான் என்றாலும், நம் மாரத்தானும் தூரத்தில் அதற்குப் பெரிதாகக் குறைந்துவிடவில்லை என்று நண்பர்களிடம் பெருமை பேசுவதுண்டு. முழுவதும் ஃபிலிமிலேயே ஓடிய காலத்தில் இரண்டாயிரம் அடி ரீல்களாக அறுபதுக்கும் மேல் வந்திருக்கும். இரண்டு இயந்திரங்களை மாற்றி மாற்றி ஓட்டும் அறையில், ஒவ்வொரு ரீல் முடியும்போதும் திரையின் வலது மேல் மூலையில் புள்ளி தோன்றும். முதல் புள்ளிக்கு அடுத்த இயந்திரத்தை ஓடவிட வேண்டும், சில விநாடிகளில் வரும் இரண்டாம் புள்ளிக்கு ஒளியை மாற்ற வேண்டும். நாங்கள் உறங்கிய நேரத்திலும் ஒருவர் அந்தப் புள்ளிக்காக விழித்திருந்தார். படப்பெட்டிகள் எங்கிருந்து வந்தன, எந்தப் பிரதியில் எத்தனை ஒட்டுகள் இருந்தன, எந்தப் படத்தைக் கடைசி நேரத்தில் மாற்ற நேர்ந்தது என்பவை அவருக்குத் தெரியும். அவரை இதுவரை எவரும் மேடையேற்றிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

பிரதிகளின் கதை தனியாகவே பதிவு பெறத் தக்கது. 1950களிலும் அதன் பின்னும் ஈஸ்ட்மென் கலரில் அச்சான பிரதிகளில் நீலம் சார்ந்த சாயம் முதலில் வெளிறிப்போய், காலப்போக்கில் படம் முழுதும் இளஞ்சிவப்பாகிவிடுகிறது. நம் ஊர்ப் போஸ்டர்களில் அந்தப் பெயரை எவ்வளவு பெரிதாகப் போட்டோம் என்று எண்ணினால் சிரிப்பு வருகிறது. அத்தகைய பிரதியில் செவ்வாய்க் கிரகம் சிவந்திருப்பது பொருத்தம். நியூயார்க் நகரமும் மனிதர் முகங்களும் கடலும் சேர்ந்து சிவந்திருப்பதை முதன்முறை பார்ப்பவர் பிழை என்பார். அதைத்தான் ஒரு தலைமுறை பெரிய திரையில் பார்த்தது. 2013, 2014 வாக்கில் ஸ்டுடியோக்கள் புதுப் படங்களுக்கு ஃபிலிம் பிரதி அனுப்புவதை ஏறக்குறைய நிறுத்திவிட்ட பிறகு, பழைய படங்களும் பெரும்பாலும் வன்தட்டில், குறித்த நேரத்துக்குள் மட்டுமே திறக்கும் மின்னணுச் சாவியோடு வருகின்றன. படம் தெளிவாக இருக்கிறது. நிறம் திருத்தமாக இருக்கிறது. எந்த ஆண்டில் எந்தப் படம் ஃபிலிமில் ஓடியது, எது டிஜிட்டலில் ஓடியது, எந்தப் பிரதி சிவந்திருந்தது என்ற விவரத்தை உங்கள் அலுவலகக் குறிப்புகளிலிருந்தும் ஆபரேட்டர்களின் நினைவிலிருந்தும் இப்போதே எடுத்து எழுதாவிட்டால், பத்தாண்டு கழித்துப் பட்டியலைப் பார்ப்பவர் எல்லாரும் எப்போதும் ஒரே படத்தைத்தான் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொள்வார்.

கேள்விகளை எப்படி அமைப்பது என்பது குறித்தும் ஒரு கருத்து உண்டு. உங்களுக்குப் பிடித்த மாரத்தான் எது என்று கேட்டால் எவரும் படத்தின் பெயரைச் சொல்லி நிறுத்திவிடுவார்கள். மணியை வைத்துக் கேட்க வேண்டும். அதிகாலை மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையே நீங்கள் கண்டவற்றில் மறக்காதது எது? யார் பக்கத்தில் அமர்ந்திருந்தார்? அவரை வெளியே எங்கேனும் சந்தித்ததுண்டா? என்ன சாப்பிட்டீர்கள்? 2003 பிப்ரவரி 17 போல, மாரத்தான் முடியும் திங்கட்கிழமையன்றே பாஸ்டனில் 27 அங்குலத்துக்கு மேல் பனி கொட்டத் தொடங்கிய ஆண்டுகளும், 2015 பிப்ரவரியில் போல நகரின் ரயில்களே நின்றுபோன வாரங்களும் வரலாற்றில் இருக்கின்றன. அத்தகைய நாட்களில் எப்படி வந்தீர்கள், எப்படி வீடு போய்ச் சேர்ந்தீர்கள் என்று கேட்டால், வாயடைத்த மனிதரும் அரை மணி நேரம் பேசுவார் என்பது என் கணிப்பு.

நினைவை நம்ப முடியுமா என்று உங்களில் ஒருவரேனும் கேட்பார். இருபது மணி நேரம் உறங்காதவர் சாட்சியாகத் தேறமாட்டார் என்பது உண்மையே. ஒரே படத்தின் முடிவை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வார்கள், ஏனெனில் ஒருவர் முடிவுக்கு முன்பே உறங்கி, மீதியைக் கனவில் கண்டு நிறைவு செய்திருப்பார். அவர்களைச் சமரசப்படுத்தி ஒரு சீரான கதையாக்க வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்கிறேன். படத்தின் சரியான முடிவு எந்தக் களஞ்சியத்திலும் கிடைக்கும். அவர் கண்ட அந்தக் கனவு முடிவு அவரிடம் மட்டுமே கிடைக்கும். சிலருடைய முடிவு அசலைவிட நன்றாகவே இருப்பதை நான் அறிவேன்.

இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. முன்கூடத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு நல்ல மைக், பேசுகிறவரிடம் ஒப்புதல் வாங்கும் ஒரு படிவம், பெயர் வெளியிட விரும்பாதவருக்கு அந்த உரிமை ஆகியவை போதும். சேர்ந்த பதிவுகளை விழாவின் கணினியில் மட்டும் வைத்திருக்காமல், பொது நூலகம் ஒன்றின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவிடமும் ஒரு படி ஒப்படைக்க வேண்டும். ஒரே இடத்தில் இருந்தவற்றுக்கு 1986இல் என்ன நேர்ந்தது என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை. வருவதற்கு உடல் இடங்கொடுக்காத மூத்தவர்களிடம் மாரத்தான் நாள் வரை காத்திராமல் வீட்டுக்கே போய்ப் பேச வேண்டும். இந்த ஒன்றை மட்டும் இந்த ஆண்டே தொடங்கிவிடுங்கள். மற்றவை ஓராண்டு தள்ளிப் போனாலும் குற்றமில்லை.

மேசையில் அமர ஆட்களைத் தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை. எங்களில் சிலர் முறை வைத்து அமர ஆயத்தமாக இருக்கிறோம்; தமிழில் பேச விரும்புகிறவர்களின் பதிவுகளை எழுத்தாக்கி ஆங்கிலத்தில் தரும் பொறுப்பையும் ஏற்கிறோம். இரவு இரண்டு மணி முதல் ஆறு மணி வரையிலான முறையை எங்களுக்கே ஒதுக்கித் தரவும். அந்நேரத்தில் திரையிடவிருக்கும் படங்கள் எவை என்பதை முன்கூட்டியே காதில் போட்டுவைத்தால், பார்த்தேயாக வேண்டிய படம் ஓடும் நேரத்தில் யாரை வெளியே அமர்த்துவது என்ற சண்டையை எங்களுக்குள் இப்போதே முடித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
மாரத்தானுக்கு வந்து செல்லும் தமிழ் ரசிகர்கள் சிலரின் சார்பில்,
நடு வரிசையில் வழக்கமாக அமரும் ஒருவன்